மாமாவின் கல்வெட்டில் ஏழாம் பக்கம்

பெரிய மாமா செத்துப்போன செய்தி வந்தபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவி, போனை எடுத்து, செய்தியைக் கேட்டுவிட்டு வந்து மிச்ச மீனையும் வெட்டினேன். அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஆரடி போனிலை?”

“உங்கடை அண்ணை செத்திட்டாராம்.”

அம்மா கையிலிருந்த வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தார். “சரி. குழம்புக்குப் புளி காணுமோ, இன்னும் வேணுமோ எண்டு பார்.”

செத்தவீட்டுத் துடக்கு என்றால், அந்தத் தீட்டுக் கழியும்வரை எங்கள் பக்கத்தில் மீன் வேகாது. துடக்குக் காக்கச் சொல்லி எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் காக்கவில்லை. அன்று நான் வழமையைவிட ஒரு பிடி சோறு கூடப் போட்டுச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடச் சாப்பிட்டது உண்மை.

மாமா யார், அவர் சாவு எனக்கு ஏன் பசியைக் கூட்டியது என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவோடு சேர்த்து அந்த வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் பெரிய மாமா. வலிகாமத்தில் தோட்டக்காணி, பெரிய வீடு, கோயில் நிருவாகத்தில் கதிரை என்று எல்லாம் உள்ள குடும்பம். அம்மா அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்து அப்பாவைக் கட்டினார். அப்பா அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். அப்பாவின் ஆட்கள் எந்த ஆட்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர் “ஓ, அதுவோ” என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த வசதியை நான் ஒருவருக்கும் செய்து தரமாட்டேன். எங்கள் ஊரிலும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அவை வேறை ஆக்கள்” என்பார்கள், அவ்வளவுதான். “இப்ப ஆரப்பா உதெல்லாம் பாக்கினம்?” என்று கேட்பவர், முதலில் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

அம்மாவின் தகப்பன் இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அம்மா வாய்க்கரிசி போடப் போனார். பெரிய மாமா அவரை வாசல் படலைக்குள் விடவில்லை; வெளியே தெரு ஒழுங்கையில் நிறுத்திவிட்டார். பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்தார்கள். கல்வெட்டு என்றால் கல் இல்லை. அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடும் நினைவுப் புத்தகம். செத்தவரின் படம், தேவாரம், அவரைப் புகழ்ந்து நாலு வெண்பா, கடைசியில் வம்சாவளி. அந்த வம்சாவளியில் பிள்ளைகள் நால்வர்தான். அச்சிட்ட தாளின்படி என் அம்மா பிறக்கவே இல்லை.

இதெல்லாம் அப்பா சொல்லி நான் அறிந்தது. “உன்ரை அம்மா ஒழுங்கையிலை நிண்டு அழுதுபோட்டு வந்தவ, பாவம்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் சில்லைச் சுற்றிப் பார்ப்பார். அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கேட்டால் வேறு வேலை வந்துவிடும். நான் அந்த அழுகையை மனத்துக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். மாமா சாகுமுன் ஒரு தடவையாவது அவரை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்பது என் ஆசை. சாவு முந்திக்கொண்டது. அன்று கூடச் சாப்பிட்டதில் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம்.

நான் படக்கதை வரைபவள். ஊரில் “கார்ட்டூன் கீறுற பிள்ளை” என்பார்கள்; நாற்பது தாண்டியும் பிள்ளைதான். படம் கீற எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். வெடிபொருளைக் கண்டால் தொடாதே என்று சொல்வதற்கு நாலு கட்டத்தில் படம். அதை அப்பாவின் கடையில் ஒட்டி வைத்தேன். எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர்கள் காற்றடிக்க வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு “ஐயையோ, பெடியன் செத்தான்” என்று தலையில் கைவைத்தார்கள். கீழே எழுதியிருந்த நீளமான புத்திமதியை வாசித்த ஒருவரை நான் காணவில்லை. கீறினவர் யாரோ, எந்த நாட்டாரோ தெரியாது. அவரைத்தான் நான் குரு என்று சொல்லவேண்டி வரும்.

பிறகு அச்சகத்தில் வேலை. மரண அறிவித்தல் பக்கம் அடுக்குவது என் பொறுப்பு. அடையாள அட்டைப் படத்தில் முழித்துக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கணினியில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிடுவேன். இருந்த காலம் முழுக்க மேலில் ஒரு துவாய்த் துண்டோடு திரிந்தவர்களெல்லாம் என் கையால் கனவான்களாகப் போயிருக்கிறார்கள். அச்சக முதலாளியை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்வார்: “தங்கச்சி, எங்கடை தொழில் நல்ல தொழில். படத்திலை இருக்கிற ஆளே வந்து, மூக்குச் சரியில்லை எண்டு சண்டை பிடிக்கமாட்டார்.”

சொந்தமாக நான் கீறிய கதைகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. அள்ளவிடாத கிணறு. தனியாக வைத்த தம்ளர். இவற்றைக் கீறத் தொடங்கியபோது ஒன்று விளங்கியது: முகத்தைக் கீறிச் சாதியைக் காட்ட முடியாது. எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே நிறம், ஒரே திருநீறு. ஆள் எங்கே நிற்கிறார் என்று கீறினால் போதும். நாலு கதிரை வெறுமையாகக் கிடக்க ஒருவர் படியில் குந்தியிருந்தால், ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதோடு கண்களைப் பெரிதாகக் கீறுவேன். கண்ணில் நீர் நிற்கவேண்டும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் அந்தக் கண்களுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். “மனசைத் தொட்டிட்டுது பிள்ளை” என்று கையைப் பிடிப்பார்கள். அதுதான் நீதி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா செத்து ஐந்தாம் நாள் அச்சக அண்ணை போனில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, லண்டனிலையிருந்து வந்த ஒரு ஆள். தகப்பன்ரை கல்வெட்டு அடிக்கவேணுமாம், அதுக்குள்ளை கார்ட்டூனும் வேணுமாம். உலகத்திலை ஆரும் கேக்காத வேலை. உனக்கெண்டே வந்தமாதிரி.”

விலாசத்தைச் சொன்னார். பெரிய மாமாவின் வீடு.

“அண்ணை, அது ஆரின்ரை வீடெண்டு தெரியுமோ?”

“தெரியும். அதுதான் கேட்டுச் செய்யிறன். ஏலாதெண்டாச் சொல்லு, நான் தேவாரத்தோடை முடிச்சு விடுறன்.”

“ஏலும்.”

“நீ ஏலுமெண்டு சொல்லுற விதம் எனக்குப் பயமாக் கிடக்குது.”

படலையைத் திறந்து அந்த வளவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை அந்த ஒழுங்கையால் போயிருக்கிறேன். படலைக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. மாமாவின் மகள் முற்றத்தில் நின்றாள். முறைக்கு எனக்கு மச்சாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். கல்யாணம் முடித்து லண்டன் போனவள், பிள்ளைகள் இரண்டு பேருடன் செத்தவீட்டுக்கு வந்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியப்படுத்த நானும் அவசரப்படவில்லை.

“வாங்கோ அக்கா, இருங்கோ. பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கதைச்சா அரைவாசி விளங்கும். அம்மப்பா ஆர், என்னண்டு வாழ்ந்தவர் எண்டு அதுகளுக்குத் தெரியவேணும். வெண்பாவைக் குடுத்து என்ன செய்யிறது? அதுதான் படமாக் கேக்கிறன். எட்டுப் பக்கம் காணுமோ?”

நல்ல பெண். அதுதான் எனக்குக் கரைச்சலாக இருந்தது. வெறுப்போடு போன இடத்தில் மனிதர் நல்லவராக இருந்தால் வெறுப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அலுமாரிக்குள் இருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்து, கழுவித் துடைத்து, அதில் எனக்குத் தேத்தண்ணீர் தந்தாள். தகப்பனின் வாழ்க்கையை ஒழுங்காகச் சொன்னாள். தோட்டம், கூட்டுறவுச் சங்கம், கோயில் தண்ணீர்த் தாங்கி, இடம்பெயர்வில் சனத்துக்குச் சோறு போட்டது. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சோறு போட்டது உண்மை என்று எனக்கும் தெரியும். அப்பாவின் ஆட்களுக்குப் போட்ட வரிசை வேறு என்பதும் தெரியும்.

“அப்பாவோடை பிறந்தவை எத்தினை பேர்?” என்று கேட்டேன். குரலில் ஒன்றும் காட்டவில்லை.

“அப்பாவோடை சேத்து அஞ்சு பேர். அப்பாவின்ரை தங்கச்சி, ஒரு மாமி, சின்னனிலை செத்துப்போனவவாம்.”

“என்னண்டு?”

“காய்ச்சலாம். அப்பா அதைக் கதைக்க விரும்பமாட்டார்.”

கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். இனிப்புச் சரியாக இருந்தது. வீட்டில் என் அம்மா அந்த நேரம் முருங்கைக்காய்க்காரனோடு விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்திருப்பார். காய்ச்சலில் செத்தவருக்கு அப்படியொரு தொண்டை.

பெயரை வெட்டியதை நான் முன்பே அறிவேன். கொன்றதை அன்றுதான் அறிந்தேன். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரில் இருந்தபடியே ஏழாம் பக்கத்தை யோசித்து முடித்துவிட்டேன். முதல் ஆறு பக்கமும் மகள் சொன்ன மாமா. ஆறாம் பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் மாமாவின் தகப்பனின் செத்தவீடு. பாடையைத் தூக்குகிறார்கள், படலை திறக்கிறது. ஏழாம் பக்கம் என்னுடையது. ஆறு கட்டம். ஒழுங்கையில் அம்மா, கையில் அரிசி, கண் நிறைய நீர், ஆள் ஆளாய்க் கடந்து போகிறார்கள், ஒருவரும் திரும்பவில்லை. எட்டாம் பக்கத்தில் திருநீறு பூசி, கோயிலில் மாலை போட்டு நிற்கும் மாமா. அதற்கடுத்து வம்சாவளி, அதில் அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், என் பெயர். கல்வெட்டு முந்நூறு பேருக்குப் போகும். செத்தவரை மதித்து எல்லாரும் வீட்டில் வைத்திருப்பார்கள். எறியவும் பயப்படுவார்கள். இதைவிட நல்ல பழிவாங்கல் கிடைக்காது என்று நினைத்தேன்.

பத்து நாள் இருந்து கீறினேன். ஏழாம் பக்கம் முடிந்ததும் அம்மாவுக்குக் காட்டினேன். மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு துவாயும் கிட்டத்தில் எடுத்து வைத்திருந்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

“உது ஆர்?”

“நீங்கள்தான்.”

“நானோ? ஏன் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கிறன்?”

“அப்பா சொன்னவர், நீங்கள் அழுதபடி…”

“அப்பாட்டை நான் அப்பிடித்தான் சொன்னனான். உள்ளதைச் சொல்லியிருந்தா அந்த மனுசன் பயத்திலை அடுத்த பஸ்சுக்கே உன்னைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடியிருக்கும்.”

“அப்ப உள்ளது என்ன?”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருடம் வாய் திறக்காத விஷயத்தை, நேற்றுச் சந்தையில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“பச்சையரிசியைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டு போனனான். உவன் என்ரை அண்ணன் ஆளை விட்டுச் சொல்லுவிச்சான், உள்ளுக்கை கால் வைக்கக்கூடாதாம். சரி, வெளியிலை கொண்டு வரேக்கை கேப்பமெண்டு ஒழுங்கையிலை நிண்டன். பாடை வந்துது. முன்னுக்கு உவன், ரெண்டு கையிலையும் கொள்ளிச் சட்டி. குளிச்ச ஈரம், மேலிலை ஒண்டும் இல்லை, தண்ணி சொட்டுது. ‘அண்ணை, ஒருக்கா இறக்கச் சொல்லுங்கோ, ஒரு பிடி போட்டிட்டுப் போறன்’ எண்டன். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. தூக்கினவையைப் பாத்து, ‘நில்லாதையுங்கோ, நடவுங்கோ’ எண்டான்.”

“பேந்து என்ன நடந்தது?”

“பேந்தென்ன பேந்து? என்ரை அப்பாவுக்குப் போட விடாட்டி, கொண்டு போன அரிசியை நான் ஆருக்குப் போடுறது? ‘இந்தா, உனக்குப் போடுறன்’ எண்டு அவன்ரை நெஞ்சிலை எறிஞ்சன். முழுக்க.”

வாய்க்கரிசி செத்தவருக்குப் போடுவது. உயிரோடு நடந்து வருகிறவர் மேலே அதைப் போட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“ஈர மேல் எல்லே? ஒரு மணி விழேல்லை. அப்பிடியே ஒட்டிப்போச்சு. கையிலை நெருப்புச் சட்டி, துடைக்கவும் ஏலாது. கொள்ளி வைக்கிறவனை நடுவழியிலை மற்றவை தொடவும் மாட்டினம். சுடலை வரைக்கும் அரிசியோடைதான் நடந்தவன். ஊர் முழுக்கப் பாத்தது. அதுக்குத்தான் என்ரை பேரை வெட்டினவன். உன்ரை அப்பாவைக் கட்டினதுக்கு அவன் என்னோடை கதையாமல் விட்டவன், அவ்வளவுதான்.”

பிறகு என் படத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“எடி பிள்ளை, நீ கீறுற எல்லாப் படத்திலையும் எங்கடை ஆக்கள் அழுதுகொண்டுதான் நிக்கினம். நாங்கள் அழுதனாங்கள் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

“எங்கடை ஆக்கள்” என்று அம்மா சொன்னது அப்பாவின் ஆட்களை. பிறந்த வீட்டாரை அல்ல. அது முதலாவது. இரண்டாவது, இருபது வருடமாக நான் கீறிய பெரிய கண்கள் எல்லாம் எனக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. கிணற்றடியில் அழுத பெண். தம்ளரோடு அழுத கிழவர். அவர்கள் அன்றைக்கு வாளியால் யாருடைய மண்டையிலாவது போட்டிருக்கலாம். தம்ளரை நசுக்கி முற்றத்தில் எறிந்திருக்கலாம். நான் போய்க் கேட்டேனா? பார்க்க வருகிறவர்களுக்கு அழுகிற ஆளைப் பிடிக்கும்; எறிகிற ஆளைப் பிடிக்காது. அதற்குத் தோதாகத்தான் கீறியிருக்கிறேன். படலையில் நிற்கவைத்தது மாமா. அழவைத்தது நான்.

“திருத்திக் கீறுறன்” என்றேன். “வம்சாவளியிலை உங்கடை பேரையும் போடுறன்.”

“பேரைப் போடாதை.”

“ஏனம்மா?”

“அவன் வெட்டினதை நீ ஒட்டித் தாறியோ? ஒட்டின பேர் எனக்கு வேண்டாம். அரிசியைப் போடு. அது காணும்.”

ஏழாம் பக்கத்தைத் திரும்பக் கீறினேன். இந்தத் தடவை கண்ணில் நீர் இல்லை. முதல் கட்டத்தில் சீலைத் தலைப்பு முடிச்சு. இரண்டாவதில் கொள்ளிச் சட்டியின் புகைக்குப் பின்னால் மாமாவின் வாய், “நடவுங்கோ”. மூன்றாவதில் அம்மாவின் கை பின்னுக்குப் போகிறது. நாலாவதில் அரிசி வானத்தில். ஐந்தாவதில் ஈர நெஞ்சு, அதில் மணி மணியாக. ஆறாவதில் மாமாவின் முதுகு, சுடலைப் பாதை, இரு கரையும் சனம். அம்மா பார்த்துவிட்டு “கை இன்னும் கொஞ்சம் பெலமா இருந்தது” என்றார். இது காணும் என்று நான் அதைத் திருத்தாமல் விட்டேன்.

அந்தியேட்டிக்கு ஐந்து நாள் இருக்க, எட்டுப் பக்கத்தையும் மச்சாளிடம் கொண்டுபோனேன். ஆறு பக்கம் வரைக்கும் சிரித்துச் சிரித்துப் பார்த்தாள். “அப்பாவின்ரை நடை அச்சொட்டா இருக்குது அக்கா.” ஏழாவதில் நின்றாள்.

“இது ஆர்?”

“உங்கடை மாமி. காய்ச்சலிலை செத்தவ. என்ரை அம்மா. இப்ப அச்சுவேலிச் சந்தையிலை நிப்பா, வேணுமெண்டாப் போய்ப் பாருங்கோ.”

இந்த வரியை நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். சொன்னபோது நினைத்த அளவு இனிக்கவில்லை. ஆனால் இனிக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். அவள் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படலைப் பக்கம் பார்த்தாள்.

“அப்ப நீங்கள் எனக்கு மச்சாள்.”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டுதான் தேத்தண்ணி குடிச்சனீங்கள்.”

“ஓம். நல்ல தேத்தண்ணி.”

ஏழாம் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “பொய்யெண்டு நான் சொல்லேல்லை. அப்பா அப்பிடிச் செய்யக்கூடிய ஆள்தான், எனக்குத் தெரியும். ஆனா அப்பாவின்ரை முப்பத்தொண்டிலை, அப்பாவின்ரை புத்தகத்திலை, நானே உதைப் போட ஏலாது. பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? இந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ. தயவுசெய்து.”

அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“எடுத்துவிடுறன்” என்றேன்.

வாக்குத் தவறவில்லை. அச்சகத்துக்கு வந்து கணினியில் ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். சீலை முடிச்சை அழித்தேன். புகை, கை, அரிசி, நெஞ்சு, முதுகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன். கட்டங்களின் கோட்டை மட்டும் விட்டேன். ஆறு வெறும் கட்டம். ஆறாம் பக்கக் கடைசியில் படலை திறக்கிறது. எட்டாம் பக்கத் தொடக்கத்தில் மாமா கோயிலில் நிற்கிறார். நடுவில் வெள்ளை.

அண்ணை முதல் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். “தங்கச்சி, உதிலை மை இறங்கேல்லையோ?”

“இல்லையண்ணை, அது அப்பிடித்தான்.”

முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். “நான் ஒண்டும் காணேல்லை” என்றார். “கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்.” கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அந்தியேட்டிக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. அண்ணை போனார், வந்து சொன்னார். காலையில் கீரிமலையில் கிரியை முடித்து, மத்தியானம் வீட்டில் பந்தி வைத்து, வெற்றிலையோடு கல்வெட்டும் கொடுத்திருக்கிறார்கள். “முதல் பந்தி எழும்ப முன்னமே துவங்கிட்டுது பிள்ளை. ஒரு கிழவர் ஏழாம் பக்கத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு, ‘உதிலை என்ன வந்திருக்கவேணும் தெரியுமோ’ எண்டார். பக்கத்திலை இருந்தவர் ‘செருப்பாலை எறிஞ்சவள்’ எண்டார். ‘விசர்க்கதை கதையாதை, மண் அள்ளி எறிஞ்சது, நான் பாடைக்குப் பக்கத்திலை நிண்டனான்’ எண்டார் இன்னொருத்தர். குசினிப் பக்கம் பொம்பிளையள் அரிசியெண்டு நிக்கினம். அதிலையும் பச்சையரிசியோ புழுங்கலரிசியோ எண்டு ரெண்டு கட்சி. சோறு ஆறிப்போச்சுது, கதை ஆறேல்லை.”

நான் கீறியிருந்தால் ஒரு கதை. கீறாமல் விட்டதால் பத்துக் கதை, அதில் பாதி உண்மையைவிட மோசம். செருப்பு எறிந்ததாக என் அம்மாவே ஒத்துக்கொள்ளமாட்டார். இதை நான் திட்டம் போட்டுத்தான் செய்தேன். யாராவது கேட்டால், வாடிக்கையாளர் சொன்னபடி படத்தை எடுத்தேன் என்பேன். யாரும் கேட்கவில்லை, மச்சாளைத் தவிர.

இரண்டு நாள் கழித்து அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

“என்னை ஏமாத்திப்போட்டியள்.”

“ஓம்.”

“படத்தை எடுக்கச் சொன்னனான், இப்பிடி விடச் சொல்லேல்லை. வந்த ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம். பிள்ளையள் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டதுகள். சின்னவள் என்னைத் துளைச்சுக்கொண்டிருக்கிறாள். செருப்போ, மண்ணோ, அரிசியோ எண்டு நான் என்னண்டு சொல்லுவன்?”

“நான் கீறித் தந்ததை நீங்கள் பாத்தனீங்கள்தானே. உங்களுக்குத் தெரியும்.”

அவள் மெதுவாக, “மாமி பக்கத்திலை இருக்கிறாவோ?”

அம்மா எனக்கு எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். “இல்லை” என்றேன். அவர் குரலைக் கேட்கும் உரிமையை அவ்வளவு சுகமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலில் செத்தவர் போனில் வரமாட்டார். சின்னத்தனம்தான். மறுக்கவில்லை.

மச்சாள் லண்டன் போய் மூன்றாவது வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. சொல் ஒன்றும் இல்லை, படம் மட்டும். கல்வெட்டின் ஏழாம் பக்கம். சின்னவள், ஒன்பது வயதுக்காரி, ஆறு கட்டத்தையும் நிறப் பேனையால் நிரப்பியிருந்தாள். தாய் இறுதியில் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டும். செருப்பும் இல்லை, மண்ணும் இல்லை, ஆறு கட்டத்திலும் அரிசி. மழைபோல அரிசி, கட்டத்தை விட்டு வெளியேயும் அரிசி. அம்மப்பா ஒரு மூலையில் தீக்குச்சி மாதிரி, கையில் சட்டியோடு. நடுவில் சிவப்புச் சீலை கட்டிய ஒரு பெண். உடம்பைவிடப் பெரிய கை அவளுக்கு. வாய் திறந்திருக்கிறது. பல் தெரிகிறது.

நான் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். நிறம் சரியில்லை, அளவு சரியில்லை, ஒரு கோடும் நேர் இல்லை. எனக்கு எரிச்சலும் வந்தது, உண்மையைச் சொல்லவேண்டும். பிறகு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“ஆர் கீறினது?”

“உங்கடை அண்ணையின்ரை பேத்தி.”

அம்மா போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணனின் பெயரைக் கேட்டு அவர் சிரித்ததை நான் என் வயதுக்குக் கண்டதில்லை.

“அவன்ரை ரத்தம் பார், என்ரை கையை எப்பிடிக் கீறியிருக்குது. நீயும் கீறினாய், பட்டினி கிடந்தவளின்ரை கை மாதிரி.”

“அப்ப சொல்லேல்லையே.”

“சொன்னனான். நீதான் காணும் எண்டு விட்டிட்டாய்.”

போனைத் திருப்பித் தராமல் இன்னும் ஒரு தடவை பார்த்தார். “இதைப் பெரிசா அச்சடிச்சுக் கொண்டு வா. கண்ணாடி போட்டுச் சுவரிலை கொழுவவேணும். அதுக்கு முதல், அந்தப் பிள்ளைக்குச் சொல்லி எழுது, சீலை சிவப்பில்லை, பச்சை எண்டு. மற்றதெல்லாம் சரி.”